கையெழுத்துக்கு முந்தைய கோப்பு

நம் பல்கலைக்கழகத்தின் துறை அலுவலகங்களிலும் நிர்வாகப் பிரிவுகளிலும் தட்டச்சு செய்கிறவர்களுக்கும், அதைச் சரிபார்க்கும் கண்காணிப்பாளர்களுக்கும், ஒப்பமிடும் துறைத் தலைவர்களுக்கும்,



நேற்று மாலை ஐந்தே முக்காலுக்கு என் வாட்ஸ்அப்பில் ஒரு சுற்றறிக்கை வந்தது. தேர்வுக் கட்டணம் செலுத்தக் கடைசி நாள் பற்றியது, மூன்று பக்கம். செல்பேசியில் எடுத்த படம். இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் மேசைக் கண்ணாடியும், தாளைப் பிடித்திருந்தவரின் விரல் நுனியும் தெரிந்தன. கீழே, “சார், உடனே வெப்சைட்டில் போடவும்.” போட்டுவிட்டேன். வீட்டுக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்தபிறகு மனம் ஒப்பவில்லை. அதனால் இந்த மடல்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். புதிதாக எந்த வேலையும் செய்ய வேண்டாம். கையெழுத்துக்கு அனுப்புவதற்குமுன் நீங்கள் அடித்துச் சேமித்த கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கிறது. அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஒரு சுற்றறிக்கை இணையதளத்துக்கு வந்து சேரும் வழி முழுவதையும் நம்மில் யாரும் பார்ப்பதில்லை. ஆளுக்கு ஒரு துண்டைப் பார்க்கிறோம். பிரிவு உதவியாளர் வரைவு எழுதுகிறார். தட்டச்சர் அடிக்கிறார். கண்காணிப்பாளர் இரண்டு சொல்லை மாற்றுகிறார். துணைப் பதிவாளர் ஒரு பத்தியை அடித்துவிட்டு வேறு எழுதுகிறார். மறுபடியும் அடித்து, சுத்தப் பிரதி எடுத்து, பதிவாளர் மேசைக்குப் போகிறது. பச்சை மையில் கையெழுத்து, வட்ட முத்திரை, கையால் எழுதிய அனுப்புகை எண். பிறகு நகலெடுத்து இணைவுக் கல்லூரிகளுக்குத் தபாலில் போகிறது. ஒரு பிரதி ஸ்கேனாகவோ செல்பேசிப் படமாகவோ எனக்கு வருகிறது. இவ்வளவு பேர் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய சொற்கள், தாளில் இறங்கி மறுபடி கணினிக்குள் ஏறும்போது சொற்களாக இருப்பதில்லை. உங்கள் கணினிக்குத் ‘தேர்வு’ என்பது எழுத்தாகத் தெரிந்திருந்தது. என் கணினிக்கு அது வெள்ளைப் பின்னணியில் சில கறுப்புப் புள்ளிகள்.

அதனால் என்ன, கண்ணுக்குத் தெரிகிறதே என்று நானும் பல ஆண்டுகள் இருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதம், பக்கத்தின் அடியில் இருக்கும் எண்ணைப் பார்த்து ஒரு மாணவர் அழைத்தார். இணைவுக் கல்லூரி ஒன்றில் முதுகலை வரலாறு படிப்பவர். “சார், அந்த பி.டி.எஃப். பேசமாட்டேங்குது” என்றார். எனக்குப் புரியவில்லை. அவருக்குப் பார்வை இல்லை என்பதை அடுத்த வாக்கியத்தில்தான் சொன்னார். அவர் கணினியில் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இருந்தது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006இல் அதைத் தொடங்கினார். ஜேம்ஸ் டே பிறகு சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். இலவசமாகக் கிடைக்கிறது, தமிழும் வாசிக்கும். ஆனால் வாசிக்க எழுத்து வேண்டும். நாம் ஏற்றிவைத்தது படம். அம்புக்குறியை எத்தனை முறை அழுத்தினாலும் மௌனம்.

வழக்கமாக விடுதியில் ஒரு நண்பர் வாசித்துச் சொல்வாராம். விடுமுறைக்கு அவர் ஊருக்குப் போய்விட்டார். “கொஞ்சம் படிச்சுக் காட்டுறீங்களா சார்?” என்று கேட்டார். தொலைபேசியிலேயே வாசித்தேன். முதல் பக்கம் முன்னுரை. இரண்டாம் பக்கம் முழுக்கக் கட்டண அட்டவணை. அட்டவணையை வாய்விட்டு வாசிப்பது எவ்வளவு கடினம் என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன். மூன்றாம் பக்கத்தில் ஐந்தாவது குறிப்பு: பார்வையற்ற மாணவர்கள், சொல்வதை எழுதுபவர் தேவைப்பட்டால், இன்ன தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தேதி கடந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

நான் நிறுத்திவிட்டேன். அவர், “சொல்லுங்க சார்” என்றார். சொன்னேன். தேர்வாணையர் அலுவலகத்துக்கு நானே நடந்துபோய்ப் பேசினேன். அங்கிருந்தவர்கள் அன்றே விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள், அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் குறிப்பு யாருக்காக எழுதப்பட்டதோ அவர் ஒருவரால் மட்டும் அதைப் படிக்க முடியாதபடி நான் ஏற்றிவைத்திருந்தேன். அழைக்காமலே இருந்துவிட்டவர்கள் எத்தனை பேர் என்பது இன்றுவரை என் மனத்தில் உறுத்துகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மின்னணு வடிவில் வெளிவரும் எதுவும் அவர்கள் அணுகக்கூடிய வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. அரசு இணையதளங்கள் பின்பற்ற வேண்டிய வழிகாட்டி 2009 முதல் இருக்கிறது. 2023இல் அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இந்த அணுகல்தன்மையை வெறும் பரிந்துரை போல விட்டுவைக்கும் விதி, மூலச் சட்டத்துக்கே பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்டுவது என் எண்ணம் இல்லை. இது எனக்கு நீங்கள் செய்யும் தனிப்பட்ட உதவி என்று நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதை நான் நேரில் கேட்டபோதெல்லாம் மூன்று பதில்கள் வந்தன. மூன்றும் நியாயமான பதில்கள், அதனால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலாவது, “கையெழுத்து இல்லாமல் போட்டால் செல்லுமா? யாராவது தேதியைத் திருத்திவிட்டால்?” இந்த அச்சம் எனக்குப் புரிகிறது; போலிச் சுற்றறிக்கைகள் மாணவர் குழுக்களில் சுற்றியதை நானே பார்த்திருக்கிறேன். ஒப்பமிட்ட பிரதியை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் இருக்கட்டும். சுற்றறிக்கையின் வாசகத்தைப் பக்கத்தில் எழுத்தாகவே தருகிறேன், ஒப்பமிட்ட படத்தை அதன் கீழே இணைக்கிறேன். சரிபார்க்க விரும்புகிறவர் படத்தைத் திறக்கலாம், படிக்க விரும்புகிறவர் படிக்கலாம். போலிப் படத்தைத் தயாரிப்பது இன்று யாருக்கும் எளிது. நம் முகவரியில் உள்ள பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் நம்பத்தக்க சான்று. மின்னணுக் கையொப்பத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 முதலே இடம் தந்திருக்கிறது. அந்த வசதி நம் அலுவலகத்துக்கு முழுமையாக வரும்வரை இப்படிச் செய்வோம்.

இரண்டாவது, “படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் மென்பொருள் இருக்கிறதே.” இருக்கிறது, பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். நேராக ஸ்கேன் செய்த, தெளிவான தாளில் அது நன்றாகவே வேலை செய்யும். முத்திரை விழுந்த இடத்தில், கையெழுத்தின் வால் நீண்ட இடத்தில், மூன்றாம் தலைமுறை நகலில் தடுமாறும். 3 என்பது 8 ஆகும். கட்டணச் சுற்றறிக்கையில் ஓர் இலக்கம் மாறினால் அந்தத் தவறுக்கு நான் பொறுப்பேற்க முடியாது, நீங்களும் ஏற்க முடியாது. அதனால் ஒவ்வொரு எண்ணையும் நானே மறுபடி அடிக்கிறேன். நீங்கள் காலையில் அடித்ததை மாலையில் நான் அடிக்கிறேன்.

மூன்றாவது பதில்தான் உண்மையான சிக்கல்: “எங்களிடம் இருப்பது வானவில்லில் அடித்தது.” சிலரிடம் பாமினி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் காரணத்தை உங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பழைய எழுத்துருக்களில் தமிழ் என்பது ஒரு வேடம்தான். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் திறந்தால் தமிழாகத் தெரியும். இல்லாத இடத்தில் குப்பை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான ஒருங்குறியில் (யூனிகோடு) தமிழுக்கென்று தனி இடம் 1991இலேயே ஒதுக்கப்பட்டுவிட்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010இல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்று ஆணையிட்டது. அப்போது பள்ளியில் சேர்ந்த குழந்தைகள் இப்போது நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். ஆணை போட்டவர்கள், பழைய விசைப்பலகையில் விரல் பழகிய ஆயிரக்கணக்கான தட்டச்சர்களுக்கு உட்கார்ந்து சொல்லித்தந்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. தவறு உங்களுடையது இல்லை.

வானவில் கோப்பாக இருந்தாலும் அனுப்புங்கள். அதை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள் தன் வேலையைச் செய்யும். ஆங்கிலமும் தமிழும் கலந்த கோப்புகளில் மட்டும் அது ஆங்கிலத்தையும் தமிழாக்கிவிடும். பி.எச்டி. என்று ஆங்கிலத்தில் இருப்பது வாய்க்குள் நுழையாத ஏதோ ஒன்றாக மாறும். அதைத் தேடித் தேடித் திருத்துவது என் பாடு, செய்கிறேன். பழைய விசைப்பலகை அமைப்பை வைத்துக்கொண்டே ஒருங்குறியில் அடிக்கும் வழியும் இருக்கிறது. விரல் பழக்கத்தை மாற்றவே வேண்டாம். எந்தப் பிரிவு கேட்டாலும் நானே வந்து நிறுவித் தருகிறேன். அரை மணி நேரம் போதும். ஆட்சிப் பிரிவில் இரண்டு அம்மாமார் ஓய்வுபெற ஓராண்டு இருக்கும்போது இதைக் கேட்டு நிறுவிக்கொண்டார்கள். இன்று அவர்கள் பிரிவிலிருந்து வரும் ஒவ்வொரு அறிவிப்பும் அப்படியே பேசுகிறது.

பார்வையுள்ள மாணவர்களுக்கும் இது தேவைப்படுகிறது. நம் பக்கங்களைப் பெரும்பாலோர் சிறிய செல்பேசித் திரையில்தான் பார்க்கிறார்கள். ஏ4 தாளின் படத்தை விரலால் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். வண்ண ஸ்கேன் மூன்று பக்கம் பல எம்.பி. வரும், மலைப்பகுதிக் கல்லூரி ஒன்றின் விடுதியில் அது திறக்கவே இல்லை என்று அங்குள்ள முதல்வர் சொன்னார். எழுத்தாக இருந்தால் ஒரு நொடியில் திறக்கும். தளத்தின் தேடல் பெட்டியில் ‘கட்டணம்’ என்று அடித்தால், படமாக இருப்பது எதுவும் அகப்படாது. “வெப்சைட்டில் எதுவுமே இல்லை” என்று மாணவர்கள் சொல்லும்போது உங்களுக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் நீங்கள் அனுப்பியிருக்கிறீர்கள். அவர்கள் சொல்வதும் உண்மை, தேடிப் பார்த்திருக்கிறார்கள்.

தேதி நீட்டிப்பு என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் வரும். பழைய சுற்றறிக்கையின் பி.டி.எஃப். அதற்குள் நூறு வாட்ஸ்அப் குழுக்களில் போயிருக்கும். அந்தக் கோப்பைத் திரும்ப அழைக்க யாராலும் முடியாது. ‘சர்க்குலர் நியூ ஃபைனல் 2’ என்று பெயர் வைத்த கோப்பில் எது முந்தியது, எது பிந்தியது என்று மாணவருக்கு எப்படித் தெரியும்? கோப்புக்குப் பதிலாகப் பக்கத்தின் முகவரியை அனுப்பினால், நான் அந்தப் பக்கத்தில் தேதியைத் திருத்திய கணமே, நூறு குழுக்களிலும் திறப்பவர்களுக்குப் புதிய தேதி தெரியும். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, பக்கங்களின் முகவரியை மாற்றாமல் காப்பது பற்றி 1998இலேயே ஒரு கட்டுரை எழுதினார். அதனால்தான், துறையின் பெயர் மாறியது, பக்கத்தின் முகவரியையும் மாற்றுங்கள் என்று நீங்கள் கேட்கும்போது தயங்குகிறேன். பழைய முகவரி யாரோ ஒருவருடைய ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் இருக்கலாம்.

தேர்வு முடிவு நாள் பற்றி ஒரு வேண்டுகோள். முடிவு எப்போது என்பதை எனக்குச் சொன்னபிறகு செய்தியாளர்களுக்குச் சொல்லுங்கள். ஒருமுறை நான்கு மணிக்கு என்று காலையிலேயே செய்தி போய்விட்டது. தரவு என்னிடம் வந்தது ஐந்தரைக்கு. நான்கு மணியிலிருந்து அத்தனை மாணவர்களும் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருந்தார்கள். முடிவே இல்லாத பக்கத்தைக் காட்டிக் காட்டியே சர்வர் படுத்துவிட்டது. முடிவு வந்தபோது காட்டத் திராணி இல்லை. முன்கூட்டித் தெரிந்தால் முகப்புப் பக்கத்தின் பெரிய படங்களை எல்லாம் எடுத்துவிட்டு, பதிவெண்ணுக்கும் பிறந்த தேதிக்கும் மட்டும் இடம் வைத்து ஓர் எளிய பக்கம் போட்டுவைப்பேன். அரியர் தேர்வு எழுதிவிட்டு, வேலைக்குச் சேர அந்த ஒரு முடிவுக்காக மட்டும் காத்திருப்பவர் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். உதவித்தொகைக்குத் தேர்வானவர்கள் பட்டியல் ஒன்று ஸ்கேனாக வந்தது. அவசரம் என்றார்கள், ஏற்றிவிட்டேன். பட்டியலில் பெயரோடு செல்பேசி எண், வங்கிக் கணக்கு, ஆதார் எண் எல்லாம் இருந்தன. இரண்டாம் நாள் ஒரு மாணவியின் தந்தை அழைத்தார். யார் யாரோ பெண்ணின் எண்ணுக்கு அழைக்கிறார்கள் என்றார். ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. படிக்காமல் ஏற்றியது என் குற்றம், அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எக்செல் கோப்பாக வந்திருந்தால் அந்த நான்கு பத்திகளை நீக்கிவிட்டுப் பதிவெண்ணை மட்டும் வெளியிட்டிருப்பேன். இப்போது எந்தப் பட்டியலையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்காமல் ஏற்றுவதில்லை. அதனால் உங்களுக்குச் சில மணி நேரம் தாமதமாகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறைத் தலைவர்களுக்குத் தனியாக ஒன்று. கருத்தரங்குக்கென்று தனித் தளம் கேட்கிறீர்கள், மாணவர்களே அழகாகச் செய்தும் தருகிறார்கள். கருத்தரங்கு முடிந்ததும் அதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். புதுப்பிக்காமல் கிடக்கும் அந்தத் தளத்தின் வழியாக உள்ளே நுழைந்து சூதாட்ட விளம்பரங்களைச் செருகிவிடுகிறார்கள். நாம் திறந்தால் கருத்தரங்கு அழைப்பிதழ்தான் தெரியும். கூகுளில் தேடுபவருக்கு நம் பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் கீழே சூதாட்டம் தெரியும். இத்தகைய ஊடுருவலைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான சர்ட்-இன் 2022இல் உத்தரவிட்டிருக்கிறது. நள்ளிரவில் கவனித்தால் நள்ளிரவிலிருந்து கணக்கு. கருத்தரங்கு முடிந்த வாரத்தில் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஆய்வுக் கட்டுரைகளையும் படங்களையும் நம் தளத்துக்கு மாற்றி வைத்துவிட்டு அதை மூடிவிடுகிறேன்.

முடியாததை நான் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். தர மதிப்பீட்டுக்காக நாக் குழு வந்த ஆண்டு நினைவிருக்கும். ஐந்து ஆண்டுகளின் தரவை அவர்கள் கேட்ட எக்செல் படிவத்தில் அத்தனை துறைகளும் அனுப்பினீர்கள். ஆய்வாளர் பெயர், நெறியாளர் பெயர், பதிவு செய்த ஆண்டு, எல்லாம் எழுத்தாக, வரிசையாக. அந்த நாள்களில் நம் தளம் எப்படி இருந்தது தெரியுமா? பொது வாய்மொழித் தேர்வு அறிவிப்புகளைத் தலைப்பு வைத்துத் தேட முடிந்தது. வெளியூரிலிருந்து ஓர் ஆய்வாளர் தேடிக் கண்டுபிடித்து வந்து உட்கார்ந்து கேள்வி கேட்டார். குழு போனபிறகு பழையபடி விரல் நுனி தெரியும் படங்கள் வர ஆரம்பித்தன.

நேற்று வந்த அந்தச் சுற்றறிக்கையை இரவு வீட்டில் உட்கார்ந்து மறுபடி அடித்தேன். மூன்றாம் பக்கத்தில், முத்திரைக்கு அடியில் ஒரு தேதி இருக்கிறது. 16ஆ 18ஆ என்று எனக்குத் தெரியவில்லை. சொல்வதை எழுதுபவருக்கு விண்ணப்பிக்கும் தேதி அது. அடித்தவர் யாரோ, இதைப் படித்தால் தயவுசெய்து அந்தக் கோப்பை அனுப்பிவையுங்கள். இன்று ஏழு மணிவரை இருக்கையில் இருப்பேன்.

அன்புடன்,
இணையதளப் பொறுப்பாளர்